அலுமாரிக்குள் கஜலக்சுமி அக்கா

என் மூளையைப் பற்றி எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலான அபிப்பிராயம் உண்டு. 2021 தை மாதத்தில் அது உச்சத்தில் இருந்தது. சுவிற்சர்லாந்தின் பாடன் நகரில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், என்னோடு படித்த சயனும் நானும் ஒரு கணினி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். விளையாட்டு நடக்கும் இடம், எங்கடின் மலைப்பள்ளத்தாக்கில் பருவம் முடிந்து பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய ஹோட்டல். பன்னிரண்டு பேர் அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் வந்து விளையாடலாம். எட்டுப் பேர் ஒளிப்பார்கள், நான்கு பேர் தேடுவார்கள். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானில்தான் சிக்கலே இருந்தது. நல்ல மூலை கிடைத்தவர் அசையாமல் இருந்துவிட்டால் தேடுகிறவருக்கு அலுப்பு, ஒளித்திருப்பவருக்கு அதைவிட அலுப்பு. ஒருவர் ஒளித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய், திரும்பி வந்து பார்த்தால் வென்றிருந்தார். நிசமாக ஒளிக்கிறவருக்கு நெஞ்சு அடிக்க வேண்டாமா? அதற்காக நான் ஒரு விதி எழுதினேன். ஒளித்திருப்பவரின் ஒலிவாங்கி திறந்தே இருக்கும். அவருடைய வீட்டில் எழும் சத்தம், ஹோட்டலில் அவர் ஒளித்திருக்கும் இடத்திலிருந்து கேட்கும். இருமினால் போச்சு.

சயனுக்குப் பிடிக்கவில்லை. வேலை முடிந்து வருகிற சனம் சொந்த வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா என்று கேட்டான். ஒளிப்பது என்றால் அதுதான் என்று நான் சொன்னேன். அவனுக்கு நிரல் எழுதத் தெரியும், கற்பனை போதாது என்றும் சொன்னேன். நான் கோபத்தில் சொல்கிறவை பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும், ஆனால் சொல்லும்போது மிக அழகாக இருக்கும்.

பங்குனி கடைசியில் சூரிச்சிலிருந்து ஒரு வெளியீட்டு நிறுவனத்தார் விளையாடிப் பார்க்க இருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் விளையாட்டு வெளிவரும். பிடிக்காவிட்டால் நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான். அவர்களிடம் காட்டுவதற்கு எங்களிடம் இருந்த ஒரே புதுமை என்னுடைய ஒலிவாங்கிதான்.

பரீட்சித்துப் பார்க்கப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தோம். அவர்களில் கஜலக்சுமி அக்கா ஒருவர். ஓல்டனில் முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள், வயது முப்பத்தெட்டு. என் மச்சாள் வீட்டுப் பிறந்தநாளில் எங்கள் விளையாட்டைச் சும்மா தொட்டுப் பார்த்தவர், அன்றைக்கு இருந்த இளசுகள் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒளித்துக் காட்டினார். அதுவும் சிரித்துக்கொண்டே. அப்படி ஒரு ஒளிப்பு நான் கண்டதில்லை.

புது விதி வந்த முதல் கிழமை, அக்கா ஆறு ஆட்டத்திலும் முதல் ஆளாகப் பிடிபட்டார். வென்றவர்கள் எல்லாம் தனி அறையில் தனியாக வாழும் சுவிஸ் மாணவர்கள். நான் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விதி வேலை செய்கிறதே!

இரண்டாம் கிழமை அக்கா இரண்டு ஆட்டம் தப்பினார். மூன்றாவதின் நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் தொலைபேசியில் வந்து, இனி விளையாட வரவில்லை, கோவிக்க வேண்டாம் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. காட்டுவதற்கு மூன்று கிழமைதான் இருந்தது. வீட்டில் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பது அவ்வளவு கஷ்டமா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா மெதுவாகச் சொன்னார்.

"நேற்று நான் பிள்ளையளை வாயைப் பொத்தச் சொல்லிப் போட்டன், மிதுஷா. மூண்டாவது ஆட்டத்துக்க திரும்பிப் பாக்கிறன், சின்னவன் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோட ஒட்டி நிக்கிறான். ரண்டாயிரத்தி ஒன்பதில, கடைசிச் சண்டை நேரம், ஒரு பகல் முழுக்கப் பற்றைக்குள்ள ஒளிச்சிருந்தனாங்கள். அக்கான்ர பிள்ளையின்ர வாயை நான்தான் பொத்தி வைச்சிருந்தனான். அந்தப் பிள்ளை இப்ப லண்டனில நல்லாப் படிக்குது. ஆனா என்ர பிள்ளையள் அப்பிடி நிக்கிறதை என்னாலை பாக்கேலாது."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நம்புகிறேன்.

தொலைபேசியை வைத்த பிறகு, ஆட்டங்களின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். முதல் கிழமையில் குக்கர் விசில், தமிழில் ஒன்றும் சுவிஸ் ஜெர்மனில் ஒன்றுமாகச் சண்டைபிடிக்கும் இரண்டு பிள்ளைகள், வட்ஸ்அப்பில் யாரோடோ உரக்கக் கதைக்கும் கணவர். இரண்டாம் கிழமையில் ஒன்றுமே இல்லை. நான்கு பேர் வாழும் வீட்டில் ஒரு கரண்டி கூட விழவில்லை. நான் என் அளவுகளையெல்லாம் என்னுடைய ஒற்றை அறையில் இருந்துகொண்டு எடுத்திருந்தேன். சத்தம் கேட்கும் என்று ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக் கூடாத ஊரில் பிறந்தவள் நான். ஒளிக்கத் தெரிந்த ஒருவரை நான் மறுபடியும் ஒளிய வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

காலையில் சயனிடம் போய், விதியைத் தலைகீழாக்குவோம் என்றேன். ஒலிவாங்கி இருக்கட்டும். வீட்டில் சத்தம் எழுந்தால் ஹோட்டல் முழுக்கச் சத்தம் எழும்பட்டும். குழாய்கள் அதிரும், குசினியில் தட்டுகள் உருளும், எது எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவருக்குப் பிடிபடாது. வானொலியைப் போட்டுவிட்டுப் போகிறவருக்கு அது உதவாது, ஒரேமாதிரிச் சத்தம் ஹோட்டலுக்குப் பழகிவிடும். ஆட்கள் இருக்க வேண்டும்.

"உண்மையில அப்பிடி நடக்காதே," என்றான் சயன்.

"உண்மையை நேற்றுக் கேட்டனான்," என்றேன். "அது எனக்கு வேண்டாம்."

கற்பனை போதாதவன் என்று நான் சொன்ன அந்தச் சயன் பதினெட்டு நாள் என்னோடு இருந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். அவனுக்கும் நான் நன்றி சொல்லவேண்டியவள். இன்றுவரை ஒழுங்காகச் சொல்லவில்லை, இதை வாசிப்பான் என்று நினைக்கிறேன்.

கஜலக்சுமி அக்காவிடம் ஒரே ஒரு ஆட்டத்துக்கு வாருங்கள், பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விடுங்கள் என்று கெஞ்சினேன். பிடிக்காவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு ஓம் என்றார்.

சூரிச்சிலிருந்து வந்த அம்மையார் எங்கள் மேசையில் இருந்து தானே தேடினார். சுறுசுறுப்பான ஆள். பத்து நிமிடத்தில் அவரும் மற்றத் தேடுகிறவர்களுமாக ஏழு பேரைப் பிடித்துவிட்டார்கள். மிச்சம் அக்கா மட்டும், இரண்டாம் மாடியில் துணி அடுக்கும் அலுமாரிக்குள். அம்மையார் நேரே அந்த அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றார். கதவில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஓல்டனில் அக்கா வீட்டில் சின்னவன் எதையோ போட்டு அடிக்கத் தொடங்கினான். மூத்தவள் பாட்டெடுத்தாள். ஹோட்டல் முழுக்கக் கிடுகிடுத்தது. சத்தம் கீழேதான் என்று நினைத்த அம்மையார் கையை எடுத்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். நேரம் முடிந்தது. அவர் தோற்றுப் போய், வாய்விட்டுச் சிரித்து, இன்னொரு ஆட்டம் கேட்டார். சித்திரையில் ஒப்பந்தம் கையில் வந்தது.

அன்றைக்கு அவர்கள் போனதும் முதல் வேலையாக அக்காவுக்கு எடுத்தேன். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"பிள்ளையள் கத்தக் கத்த நான் உள்ளுக்க இருந்தனான், மிதுஷா," என்றார். "ஒருத்தரும் எங்களைப் பிடிக்கேல்லை."

நன்றி அக்கா, நன்றி என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது, அந்த வீட்டில் அவ்வளவு சத்தம்.