நாற்பத்தொரு பேர் நினைவு ஓட்டம்

மில் வாசலில் நாற்பத்தொரு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அப்படியொன்று நடக்கவே இல்லை என்று முப்பது வருஷம் சாதித்தார்கள். இப்போது அதற்கு ஓட்டப்பந்தயம் வைக்கிறார்கள். அதே வாசலில் தொடங்கி, பாலத்தைத் தாண்டி, நாலு கிலோமீட்டர் நூறு மீட்டர். செத்தவர் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் பொருத்தம் பார்த்த மகா மூளை விளையாட்டுக் கழகச் செயலாளருடையது. பனியனில் முன்பக்கம் மலர்வளையம், பின்பக்கம் குளிர்பானப் புட்டி.

நேரம் குறிக்க டீச்சரைக் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஸ்டாப்வாட்ச் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. செத்தவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா. அக்கா புருஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார், மேடையில் உட்கார வைக்கலாம் என்று தெரிந்ததும் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தான் லேசில் மசியவில்லை. அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடியவர் அவர். பாலத்தை எட்டியபோது தனியாக இருந்தார். அதற்குப் பிறகு யாராவது கதவை அறைந்து சாத்தினால்கூடச் சுவரோரம் சுருண்டுவிடுவார்.

"துப்பாக்கி வெடிச்சுத்தானே ஓட விடுவாங்க?" என்று கேட்டார்.

"இல்ல அத்தான். விசில்தான். எழுதியே வாங்கிட்டேன்."

"அவங்க சொல்றதை விடு. நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"அப்ப வரேன்."

சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர் கோட்டருகே போய் நின்றாள். நேரம் குறிப்பவர்கள் சத்தத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். தூக்கிய கையைப் பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள். விசில் ஊதினால் படத்தில் எடுபடாது என்று கேமராக்காரன் முனகியிருக்கிறான். செயலாளரின் கையில் துப்பாக்கி இருந்தது.

"வேணாம்" என்று கத்தினாள். ஒலிபெருக்கி அதை விழுங்கிவிட்டது.

புகை வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு புகையையும் தவறவிடாத அவள் கட்டைவிரல் வாட்ச்சின் மேல் அசையவே இல்லை. அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாற்காலிக்கு அடியில், தலையை இரண்டு கையாலும் மூடியபடி கிடந்தார்.

"ஐயாவும் ஓட ரெடியாயிட்டாரு போல" என்றான் மைக் பிடித்திருந்தவன். கூட்டம் சிரித்தது. அஞ்சலி செலுத்த வந்த கூட்டம்.

காவலாளி அறைக்கு அவரைக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். தேய்த்த சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இந்தக் கும்பலை நம்பி வாக்குக் கொடுத்தவள் அவள்தானே.

செயலாளர் மூச்சிரைக்க வந்தார். ஓடியதால் அல்ல, பல்லிளித்து நின்றதால்.

"டீச்சர், முதல் ஆளோட டைம் என்ன?"

"டைம் கிடையாது. வாட்ச்சை நான் அழுத்தவே இல்ல."

"சீஃப் கெஸ்ட் காத்திட்டிருக்கார் டீச்சர். ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. உங்க அத்தான்கிட்ட வேணும்னா வருத்தம் தெரிவிச்சுடறேன். சும்மா கேப்புத் துப்பாக்கிதானே?"

அவள் முடிவுத் தாளை எடுத்துக் குறுக்கே பெரிதாக எழுதினாள்: ஓட்டம் நடக்கவில்லை. மனசு ஆறியது மாதிரி இருந்தது.

அத்தான் தாளை எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா எழுதினாங்க. ஒண்ணும் நடக்கலன்னு."

அவளுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. எழுதியதை அடித்தாள். புதுத் தாள் எடுத்தாள். துப்பாக்கி சுடப்பட்டது, காலை ஏழு மணி ஆறு நிமிடம் என்று எழுதினாள். அதன் கீழே 'சுட்டவர்' என்று போட்டுச் செயலாளரின் முழுப்பெயரையும் அப்பா பெயரோடு எழுதிக் கையெழுத்திட்டாள்.

"என்ன டீச்சர் இது, என் பேரைப் போய்..."

"நீங்கதானே சுட்டீங்க?"

செயலாளர் தாளைப் பிடுங்கக் கை நீட்டினார். அதற்குள் அத்தான் அதை மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"பேனா குடும்மா. அன்னிக்கு எங்கிட்ட யாரும் சாட்சி கேக்கல."

'சாட்சி' என்று போட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். வெளியே கோப்பை வாங்க யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.