தீவுப் பறவைக்கு டாக்டர் கதிரேசு வரைந்த மரம்

"பறவைகளுக்கு அப்பா கிடையாது."

டாக்டர் கதிரேசு இதைச் சொல்லிவிட்டு, அரங்கம் தாங்கிக்கொள்ளட்டும் என்று சற்றுப் பொறுத்தார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"அப்பா கிடையாது, பாட்டு கிடையாது, இறகோட கலர் கிடையாது. எல்லாம் வெளிவேஷம். மைட்டோகாண்ட்ரியா ஒண்ணுதான் பொய் பேசாது. அத வாசிக்கத் தெரிஞ்சவன் இந்த ஜோகூர்ல நான் ஒருத்தன்தான். சிங்கப்பூரையும் சேர்த்துக்கலாம், ஆனா அவங்க மனசு கஷ்டப்படும்."

முன்வரிசை தலையாட்டியது. கடைசி வரிசையில் லோஷினியும் ஆட்டினாள். ஆட்டித்தான் ஆக வேண்டும். அவளுடைய முதுநிலை ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டிய கை, அப்போது மேடையில் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். உயிரணுவின் நடுவில் உட்கரு. அதைச் சுற்றி, சக்தி காய்ச்சித் தரும் உலைகளாக மைட்டோகாண்ட்ரியாக்கள். இந்த உலைகளுக்குத் தனி டிஎன்ஏ உண்டு; அது தாயிடமிருந்துதான் குஞ்சுக்கு வரும். அதை வாசித்தால் அம்மா, அம்மாவின் அம்மா என்று பின்னோக்கிப் போய், எந்தப் பறவை எந்தப் பறவைக்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று மரம் வரையலாம். டாக்டர் வரைந்திருந்தார். ஊரில் முராய் பத்து என்று கூண்டில் வைத்துக் கொஞ்சுகிறார்களே, அந்தச் சோலைபாடிப் பறவைக்கு. நிலப்பகுதிப் பறவைகளெல்லாம் ஒரே கிளையில் குடும்பமாக உட்கார்ந்திருக்க, மெர்சிங்கிலிருந்து படகேறிப் போகும் ஒரு சின்னத் தீவின் பறவைகள் மட்டும், சொத்துத் தகராறில் பிரிந்ததுபோல எங்கோ தள்ளி ஒட்டிக்கொண்டிருந்தன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே விலகிப்போன வம்சம் என்றார் டாக்டர். புது இனம். அதற்குத் தம் பெயரைச் சூட்டவும் தீர்மானித்துவிட்டார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் அநாகரிகம் என்பதால், லோஷினி வைப்பதாக ஏற்பாடு. கட்டுரையில் அவள் பெயர் இருந்ததற்கு அதுதான் காரணம். தீவில் அட்டைக்கடியோடு வலை கட்டியதும் பறவை பிடித்ததும் அவள்தான். அதெல்லாம் காரணத்தில் சேராது.

"பாட்டுன்னதும் ஞாபகம் வருது," என்றார் டாக்டர். "நம்ம லேப்ல ஒரு ரேடியோ இருக்கு. ரெங்கம் ரேடியோ. எழுந்திரு லோஷினி."

ரெங்கம் அவளுடைய ஊர். எழுந்தாள்.

"இவங்க தீவுக்குப் போய் பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டு வந்திருக்காங்க. காதால ஆராய்ச்சியாம். இதுக்குக் கல்யாணத் தரகர் தேவல, அவர் ஜாதகமாவது கேப்பாரு. எங்க, தீவுப் பறவை எப்படிக் கத்துது? அடிச்சுக் காட்டு லா."

லோஷினி பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். கூட ஆராய்ச்சி செய்யும் அஹ்னாஃப் தன் காலிலிருந்த சப்பாத்தை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். அவள் உதடு குவித்து விசிலடித்தாள். ஐந்து சுரம், மூன்றாவது சுரம் சறுக்கி இறங்கி, மனம் மாறியதுபோல மறுபடி ஏறும். சுற்றிலும் கெக்கலிப்பு, ஆனாலும் பாட்டு அச்சு அசலாக வந்தது. அதுதான் கெட்டது. மோசமாக அடித்திருந்தால் ஒரு சிரிப்போடு விட்டிருப்பார்கள். டாக்டர் கைபேசியில் படம் பிடித்தபடியே, விசில் முடிந்த கணத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படம் மாலைக்குள் துறை முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஒலிப்பதிவுகளை அழிக்கச் சொன்னார். கணினியில் இடம் வேண்டுமாம். லோஷினி, "சரி டாக்டர்," என்றாள். ஒன்று விடாமல் அழித்தாள்.

அந்த வாரமே அவள் கண்ணில் அது பட்டது. தீவுப் பறவைகளின் மரபணு வரிசையில், நட்ட நடுவே, 'இத்தோடு நிறுத்து' என்று பொருள்படும் குறி. வேலை செய்யும் மரபணுவில் அப்படி ஒன்று இருக்கவே முடியாது. லோஷினி வரிசையை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தாள். டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், தீவு சாம்பிள் மட்டும் ரத்தம். மத்ததெல்லாம் மியூசியத்து தசை. பறவையோட சிவப்பணுல உட்கரு உண்டு, மைட்டோகாண்ட்ரியா கம்மி..."

"பறவை ரத்தத்தப் பத்தி எனக்கே பாடமா?"

"இல்ல டாக்டர். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏல ஒரு துண்டு எப்பவோ உட்கருக்குள்ள போய் ஒட்டிக்கிட்டிருக்கலாம். வேலை வெட்டி இல்லாத பழைய நகல். ரத்தத்துல அதத்தான் நாம வாசிச்சிட்டோமோன்னு பயமா இருக்கு. அப்பவே நான் இறகு வேர் எடுக்கலாமான்னு கேட்டேன். பாட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்..."

"மறுபடியும் பாட்டு!" டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தக் குறி மெஷின் கோளாறு. வெட்டி எறி."

"வெட்டினா அது..."

"ஆய்வேட்டுல கையெழுத்து வேணுமா, வேணாமா?"

வெட்டினாள்.

அஹ்னாஃப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டாருக்குத் தங்காக் ஊரில் ஜவுளிக்கடை. "அலமாக்! கிழிஞ்ச எடத்த வெட்டிட்டு மீதிய புதுத்துணின்னு விக்கறதா? எங்க வாப்பாவுக்கே இந்தத் தைரியம் இல்ல."

"உங்க வாப்பாகிட்ட எனக்குக் கையெழுத்து வேண்டியதில்ல. சும்மா இரு."

கட்டுரை வாசிக்கும் நாளில் வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். டாக்டர் மரத்தைத் திரையில் காட்டி, தீவுக் கிளையை ஒளிக்குறியால் தடவிக் கொடுத்தார். கைதட்டல் அடங்கியதும் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஷாமளா என்ற அம்மையார் கையைத் தூக்கினார்.

"தீவுப் பறவைகளுக்கு என்ன திசு எடுத்தீங்க?"

"ரத்தம்."

"மத்ததுக்கு?"

"தசை."

"அப்படியா." அம்மையார் இனிமையாகச் சிரித்தார். "அப்ப உங்க மரத்துல உக்காந்திருக்கறது தீவுப் பறவைதானா டாக்டர்? இல்ல, அதோட உட்கருவுல எப்பவோ செத்து ஒட்டிக்கிட்ட நகலா? அதுக்கா உங்க பேரு?"

அரங்கம் சிரித்தது. இந்த அரங்கத்துக்குச் சிரிப்பு ஏற்கெனவே பழகியிருந்தது.

டாக்டரின் காது சிவந்தது. "ரத்தம் எடுத்தது என் மாணவி. பேரு வைக்கறதும் அவங்கதான். அந்த நிறுத்தக் குறிய வெட்டினதும் அவங்கதான்."

"எந்த நிறுத்தக் குறி?" என்றார் ஷாமளா.

அதுவரை அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்கவில்லை.

விசாரணை நடந்தது. வெட்டிய கை யாருடையது என்று கேட்டார்கள், லோஷினியுடையது. சொன்ன வாய் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. அவள் பதிவு ரத்தானது. ஆய்வேடு கையெழுத்தில்லாமலே பெட்டிக்குள் போனது. சிங்கப்பூரில் கோழி இறைச்சியைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. இனிமேல் தினமும் பாலம் தாண்டிப் போய், கோழி கோழிதானா என்று சொல்ல வேண்டும்.

டாக்டருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். தீவுப் பறவையும் நிலத்துப் பறவையும் ஒன்றா வேறா என்று வேறு வழியில் காட்டினால் ஆய்வுக்கூடம் பிழைக்கும், இல்லாவிட்டால் மூடுவார்கள். மறுபடி தீவுக்குப் போகவோ பறவை பிடிக்கவோ அனுமதி வர மாதக்கணக்காகும். உடனே செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தீவுப் பாட்டை நிலப்பகுதியிலுள்ள ரெங்கம் காட்டுக்குக் கொண்டுபோய் ஒலிக்க வேண்டும். அங்குள்ள ஆண் பறவை, எவனோ நம் இனத்தான் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்று சிறகடித்துச் சண்டைக்கு வந்தால், இரண்டும் ஒன்று.

அதற்குத் தீவுப் பாட்டு வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்க லோஷினி வந்த அன்று, அஹ்னாஃப் வாசலிலேயே கையைப் பிடித்து நிறுத்தினான்.

"உள்ள போகாத. டாக்டர் பாட்டு கத்துக்கறாரு."

"என்ன உளர்ற?"

"நீயே பாரு."

குளிர்பெட்டிகள் இருக்கும் அறையின் கண்ணாடி வழியே பார்த்தாள். டாக்டர் கதிரேசு முக்காலியில் குந்தியிருந்தார். உள்ளங்கையில் கைபேசி. அதில், மேடையிலிருந்து எடுத்த படமாக, கடைசி வரிசையில் ஒரு பெண் தலை குனிந்து நின்று விசிலடித்தாள். தீவுப் பாட்டு தீவுக்கு வெளியே பதிவாக மிஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான். அதையும் சுற்றியிருந்தவர்களின் கெக்கலிப்பு மூடியிருந்ததால், அப்படியே காட்டில் ஒலிக்க முடியாது. வாயால்தான் அடித்தாக வேண்டும்.

டாக்டர் கண்ணை மூடி, காதைச் சாய்த்துக் கேட்டார். உதடு குவித்தார். காற்றுதான் வந்தது. மறுபடி அடித்தார். இரண்டு சுரம் தேறியது.

"மூணாவது தப்பு," என்றாள் லோஷினி மெதுவாக. "எறங்கி ஏறணும். இப்படி அடிச்சா ரெங்கத்துல காக்காகூட வராது."

"போய்ச் சொல்லேன். கையெழுத்து கெடைச்சாலும் கெடைக்கும்."

லோஷினி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு சாவியை அவன் சட்டைப்பையில் போட்டாள்.

"கோழிக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

உள்ளே டாக்டர் படத்தை மறுபடி ஓடவிட்டார். ஐந்தாவது சுரம் முடிந்து அவருடைய சிரிப்பு தொடங்கவிருந்த இடத்தில், கட்டைவிரலால் நிறுத்தி, முதலுக்கே இழுத்துவிட்டு, உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.