அடுப்படியில் படித்த அத்தியாயம்

மனைவி இறந்துபோன பிறகு நாவலாசிரியர் பேனாவைத் தொடவே இல்லை. எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவார். அவளும் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டு, தேறுமா தேறாதா என்று பட்டென்று சொல்லிவிடுவாள். அவளில்லாத வீட்டில் யாருக்காக எழுதுவது என்று பாதி நாவலை அலமாரியில் போட்டுவிட்டார்.

அவருடைய புத்தகங்களைப் போடும் பதிப்பாளர் அவருக்குத் தங்கை மாதிரி. ஒருநாள் காலையில் காய்கறிப் பையோடு வந்தவள், நேரே அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, எழுதின வரைக்கும் படிங்க. கேக்குறேன்."

"உனக்கு வெங்காயம்கூட ஒழுங்கா நறுக்க வராதேம்மா."

"காது நல்லாத்தானே கேக்குது. படிங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். சமாளித்துக்கொண்டு அத்தியாயத்தை முடித்தார்.

"சொன்னா கோவிச்சுக்காதீங்க. மனசு உடைஞ்சு கிளம்புறவ இவ்வளவு வசனமா பேசுவா?"

அவருக்குச் சுருக்கென்றது. "புத்தகம் விக்கிறவளுக்கு எழுத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று எகிறினார். அவள் வெங்காயத்தைக் கோணல்மாணலாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முறைப்போடு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். அவள் சொன்னது சரிதான்.

பழைய பேனா காய்ந்து போயிருந்தது. அவளுடையதை வாங்கி, நின்ற நிலையிலேயே வசனத்தை அடித்துவிட்டு, ஒரே ஒரு வரி எழுதினார்.

அவள் வைத்த குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தார்.

"அடுத்த அத்தியாயம் கேக்க எப்பம்மா வருவே?"