இரண்டு நாள் ஆறிய உலை

ஆவுடைநாயகம் பழைய பஸ் ஒன்றை வாங்கி வீடாக்கியிருந்தான். போட்டோ கழுவும் இருட்டறையும் அதுதான். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தான். மனைவி சந்தனமாரியையும் ஆறு வயது மகள் குழல்வாய்மொழியையும் ஏற்றிக்கொண்டு திருவிழா நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போவான். ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பான். யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனதும் பஸ்ஸின் பின்னால் ஆளுயரக் கரி உலை ஒன்று ஏறியது. கரி கனன்று வரும் வாயு, தரைப்பலகைக்கு அடியில் ஓடும் தகரக் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். அதில் வண்டி ஓடும். ஓடுகிற நாளில் ஓடும்.

அந்த ஆனி மாதம் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஏற்றம் கண்டாலே திணறியது. அச்சன்புதூரில் இரண்டு தரம் இறங்கித் தள்ளினார்கள். சாரலில் நனைந்த கரியைப் பற்றவைக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று, ஆவுடைநாயகம் ராத்திரியில் உலையை அணைப்பதில்லை. கனலை மூடி வைத்துவிட்டுப் படுப்பான்.

மகள் குழலிக்கும் உடம்பு சரியில்லை. சித்திரையிலிருந்தே இப்படி. விடிந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். சில நாள் எழுப்பினாலும் எழமாட்டாள். கண் சொருகிக் கிடப்பாள். காய்ச்சல் இருக்காது, கன்னம் மட்டும் சிவந்திருக்கும். ஒரு வைத்தியர் பித்தம் என்றார். இன்னொருவர் இரத்தம் கெட்டிருக்கிறது என்றார். இரண்டு மருந்தும் கேட்கவில்லை. கேட்டது குற்றாலத்துத் தண்ணீர் ஒன்றுதான். குதிரைவண்டி பிடித்து அருவிக்குக் கொண்டுபோனால், ஒரு மணி நேரத்தில் சோறு கேட்பாள். மறுநாள் விடிந்தால் பழைய கதை.

"அவ பேரு யாரு பேரு? குற்றாலத்து அம்மன் பேருல்லா. கூப்பிடுதா அவ. இந்த ரோட்டுப் பொழப்பு பிள்ளைக்கு ஒத்துக்கல" என்றான் ஆவுடைநாயகம்.

ஆய்க்குடியில் இருந்த அக்கா பேச்சித்தாய்க்குக் கார்டு எழுதிப் போட்டான். வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இனி அங்கேயே வளரட்டும். எழுதிப் போட்ட பிறகுதான் சந்தனமாரியிடம் சொன்னான்.

அவள் பிள்ளையின் பாவாடைகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று ஒரு நேரம் தோன்றியது. மறுநேரம் பையைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, குத்துக்கல்வலசையில் வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. உலைக்குள் கரியைத் தாங்கும் இரும்புத் தட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. தென்காசியிலிருந்து மெக்கானிக் மைதீன் வந்து பார்த்தான்.

"ஒட்டித் தாரேன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைக்கு முன்னால நடக்காது" என்று தட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

உலை ஆறியது. மழை பிடித்துக்கொண்டது. அருவிக்குப் போக வண்டி ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை காலை சந்தனமாரி கண் விழித்தபோது குழலி உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, பசிக்கு."

வியாழக்கிழமையும் அதே பசி. சந்தனமாரிக்குத் தன் தலைவலியும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போட்டோ மருந்து வாடையால் வருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த இரண்டு நாளும் ஆவுடைநாயகம் உள்ளே உட்கார்ந்து படம் கழுவிக்கொண்டுதான் இருந்தான்.

"திங்கக்கிழமை அருவில குளிச்ச குளி இன்னும் நிக்கு" என்றான் அவன்.

"போன வாரம் குளிச்சது மட்டும் ஏன் நிக்கல?"

அவன் படம் கழுவ உள்ளே போய்விட்டான். அவள் அன்று முழுதும் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாம் இருந்தபடியே இருந்தது, உலைதான் ஆறியிருந்தது.

வெள்ளிக்கிழமை மைதீன் தட்டை மாட்டி நெருப்பு வைத்தான். உலைக்குக் காற்றடிக்கும் கைச்சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். அந்த நேரம் பேச்சித்தாயின் மாட்டுவண்டி வந்து நின்றது.

"ஏலே ஆவுடை, பிள்ள எங்கலே? நல்லாத்தான நிக்கா! இவளையா சாவக்கெடக்கான்னு எழுதுன?"

"கொஞ்சம் பொறுங்க மதினி" என்றாள் சந்தனமாரி. சோப்பைத் தேய்த்து ஒரு செம்பு நுரை கலக்கியிருந்தாள். பஸ்ஸுக்குள் ஏறி, குழலியின் படுக்கைப் பலகை மேல் இடுக்கு இடுக்காக ஊற்றினாள்.

"ஏட்டி, பிள்ள படுக்க எடம்! கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றான் ஆவுடைநாயகம்.

"சைக்கிள் டியூப்ல ஓட்ட எங்கன இருக்குன்னு எப்படிப் பாப்பாக? அதான் பாக்கேன். மைதீன் அண்ணே, நிறுத்தாமச் சுத்துங்க!"

"நான் சுத்துதேன் தாயி. பஸ்ஸு பறந்துராம பாத்துக்கிடுங்க" என்று வெளியிலிருந்து சிரித்தான் மைதீன்.

தலைமாட்டில், மூன்றாவது ஆணியைச் சுற்றி நுரை உப்பியது. ஒரு கொப்புளம் எழுந்து உடைந்தது. இன்னொன்று. பிறகு நிற்காமல் வந்தது.

மைதீனைக் கூப்பிட்டாள். வந்து பார்த்தவனுக்குச் சிரிப்பு போய்விட்டது. கீழே இறங்கி வண்டிக்கடியில் புகுந்தான்.

"அண்ணாச்சி, ஆணி குழாய்க்குள்ள எறங்கியிருக்கு! வண்டி ஓடும்போது இந்த ஓட்ட காத்த இழுக்கும். அதான் ஏத்தத்துல மூச்சு வாங்குச்சு. நிக்கும்போது வாயு மேல வரும். நெறமும் கெடையாது, மணமும் கெடையாது. எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தன் உலைப் பக்கத்துல படுத்தவன் எந்திரிக்கவேயில்ல."

ஆவுடைநாயகம் படியில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளை தரையில் படுக்கிறாளே என்று சித்திரையில் அந்தப் பலகையை அடித்தவன் அவன்தான்.

"நாந்தானட்டி அடிச்சேன்."

"ஆமா, நீங்கதான் அடிச்சிய. இப்ப நீங்களே பிடுங்குங்க. எந்திரிங்க."

பேச்சித்தாய்க்குப் பாதிதான் புரிந்தது. "ஏட்டி மாரி, அப்ப பிள்ளைக்கு ஒண்ணுமில்லங்கியா?"

"ராத்திரி எங்ககூடத் தங்குங்க மதினி. காலைல பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

உலையை ஆறவிட்டு, ஓட்டையை மைதீன் ஈயம் வைத்து அடைத்தான். அவன் சக்கரத்தைச் சுற்ற, மறுபடி நுரை ஊற்றினாள் சந்தனமாரி. ஒரு கொப்புளமும் இல்லை. அவளே ஏறி ஜன்னல் துணிகளை எல்லாம் கிழித்து எறிந்தாள். இருட்டுக்கு மூலையில் ஒரு மறைப்பு போதும் என்றாள். கிழிந்ததில் ஒரு துணியை எடுத்து ஆவுடைநாயகம் மூலையில் கட்டினான்.

மாலையில் பஸ் குற்றாலத்துக்குக் கிளம்பியது. ஏற்றம் வந்தது. ஆவுடைநாயகம் பழக்கத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். வண்டி திணறவில்லை. முன்னால் போன குதிரைவண்டி ஒன்றைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது.

"மெதுவா போலே! எனக்குப் பேரம்பேத்தி இருக்கு!" என்று அலறினாள் பேச்சித்தாய். குழலி கைதட்டினாள். ஆவுடைநாயகம் ஹாரனை அமுக்கினான். அதற்கு அவசியம் ஒன்றும் இல்லை.

அன்று இருட்டுவதற்கு முன்பே, இருந்த கனலை எல்லாம் வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள் சந்தனமாரி.

விடிந்தபோது முதலில் எழுந்தது குழலிதான். பேச்சித்தாயை உலுக்கினாள்.

"அத்த, எந்திரிங்க. அருவில கூட்டம் வந்துரும்."

பேச்சித்தாய் எழுந்து பிள்ளையின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டாள். நாக்கை நீட்டச் சொன்னாள்.

"இவள நான் எதுக்குட்டி கொண்டு போணும்?" என்றாள் சந்தனமாரியிடம். "இவதான் என்னைய இழுத்துட்டுப் போறா."

இருவரும் போன திசையைப் பார்த்து நின்றாள் சந்தனமாரி. பின்னால் ஆவுடைநாயகம் ஈரக்கரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரமாயிற்று, இன்னும் பற்றவில்லை.

"சுத்திச் சுத்திக் கை விட்டுப்போச்சுட்டி" என்றான்.

"ஒன்றர மணி நேரம்னு நீங்கதான சொல்லுவிய, இன்னும் அர மணி நேரம் இருக்கு. சுத்துங்க" என்றாள் அவள்.