இரவல் போன டேங்க்

கெல்வின் ராம்பால் வாசலில் வந்து நின்று "அண்ணி..." என்று இழுத்தாலே ஏதோ கேட்கப் போகிறான் என்று டல்சிக்குத் தெரியும். செத்துப்போன கணவன் மஹாபீருக்குச் சித்தப்பா மகன். கியூரெப் ஊர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் நாலு மாடியில் முப்பது அறை கட்டி, 'ஸ்காலர்ஸ் கோர்ட்' என்று பெயர் வைத்திருந்தான். வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான். விடுதியில் இடம் கிடைக்காத பிள்ளைகளைச் சங்கத்து வீடுகளுக்கே அனுப்புவது என்று பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு வந்தவனும் அவன்தான்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று பேருக்கு ஒரு தண்ணீர் டேங்க். அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவது செவ்வாயும் சனியும்தான் என்பதால் நல்ல விதி என்றே டல்சி நினைத்தாள். அவள் வீட்டு மாடியில் நாலு பெண்கள் இருந்தார்கள். அவளிடம் இரண்டு டேங்க் இருந்தன. கெல்வினுக்குப் பத்து வேண்டும். இருந்ததோ நாலு.

"உங்க டேங்க் ஒண்ணு குடுங்க அண்ணி. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். நாளான்னிக்கு திரும்ப வந்துடும்."

"பத்து டேங்க் வாங்க முடியாதவன் எதுக்குடா முப்பது ரூம் கட்டுனே?"

"ஆர்டர் போட்டுருக்கேன், சரக்கு வரலை. நம்ம குடும்பத்து மானம் அண்ணி. அண்ணன் இருந்தா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள தூக்கிக் குடுத்திருப்பாரு."

அண்ணனை இழுத்தால் டல்சி இளகிவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும். இளகினாள். அதற்காக அவள் தன்னையே பின்னால் எத்தனை முறை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை. அவனுடைய ஆட்கள் வந்து, டேங்கின் அடிக்குழாயைத் திறந்து, செவ்வாய்க்கிழமை பிடித்து வைத்த தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் விட்டார்கள். நிறைந்த டேங்கைத் தூக்க முடியாதாம். டேங்கின் முதுகில் மஹாபீர் தன் கையால் வெள்ளை பெயிண்டில் எழுதிய அவன் பெயர், லாரியில் ஏறித் தெருமுனை திரும்பிப் போனது.

சொன்ன நாளில் டேங்க் திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வந்தது மிஸ் அலெய்ன்.

மிஸ் அலெய்ன் பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் தங்கும் வெளிவீடுகளைப் பார்வையிடும் அதிகாரி. சின்னப் பெண், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அடுத்த வாரம் வரவேண்டியவள், இந்தப் பக்கம் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதென்று அன்றே வந்துவிட்டாள். படுக்கை பார்த்தாள், பூட்டு பார்த்தாள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கொல்லைப்பக்கம் வந்து காலியாக இருந்த சிமெண்டு மேடையைப் பார்த்தாள்.

"இன்னொரு டேங்க் எங்க, மிஸஸ் மஹாபீர்?"

எங்கே இருக்கிறது என்று சொன்னால் எதற்குப் போனது என்றும் சொல்ல வேண்டும்.

"கழுவக் குடுத்திருக்கேன்."

"டேங்க்கையா? வெளியவா?"

அந்தப் பெண் வெளியே போய், கேட்டில் தொங்கிய 'ஒப்புதல் பெற்ற இல்லம்' என்ற பச்சைப் பலகையைத் தானே அவிழ்த்துக் காரின் பின் சீட்டில் போட்டாள். மாடிப் பெண்கள் நாலு பேரும் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொபேகோ தீவிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த ஷொனெல்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, யுனிவர்சிட்டி பட்டியல்ல இல்லாத வீட்டுல இருந்தா என் ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவாங்க. எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?"

"யாரு சொல்றா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் ஒருத்தியும் போக மாட்டீங்க. மேல போய்ப் படி."

கெல்வினுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பூஜை, பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், காலி மேடையையா காட்டுவது, முடிந்த கையோடு டேங்கை அனுப்பிவிடுகிறேன் என்றான். "நீங்களும் வந்து சமையலுக்கு ஒரு கை குடுங்க அண்ணி" என்றான். அந்த வெட்கங்கெட்டவனுக்கு அதைக் கேட்கவும் வாய் வந்தது.

பூஜைச் சமையலுக்குக் கூப்பிட்டால் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவது அந்தத் தெரு வழக்கம். டல்சி போனாள், கோபத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். பெரிய இரும்புச் சட்டியில் பூசணிக்காயைக் கிளறும்போதே கவனித்தாள், சமையலுக்கான தண்ணீர் நீல டிரம்மில் வெளியிலிருந்து வந்திருந்தது. பத்து டேங்க் வைத்திருக்கும் வீட்டுக்கு எதற்கு டிரம் தண்ணீர்?

முன் முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பல்கலைக்கழகத்து ஆட்கள் முன்வரிசையில், மிஸ் அலெய்ன் ஓரத்தில். பூஜைக் கொடி கட்டிய மூங்கில்கள் நடுவதற்குத் தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தன. பண்டிட் பிஸ்ராம் பித்தளை லோட்டாவைக் கெல்வினின் மனைவியிடம் நீட்டினார்.

"வீட்டுக் குழாயிலேர்ந்து கொண்டா, மகளே."

அவள் முற்றத்துக் குழாயைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று வந்தது. உள்ளே ஓடினாள். ஒவ்வொரு மாடியாக ஏறினாள். காலி லோட்டாவோடு இறங்கி வந்தாள். டேங்குகளை ஏற்றி அடுக்குவதிலேயே குறியாக இருந்த கெல்வின், அவற்றை நிரப்ப வேண்டும் என்பதையே மறந்துவிட்டான்.

"ஃப்ரிட்ஜ்ல பாட்டில் இருக்கும் பாரு," என்றான்.

"வீட்டுக்குப் பூஜைன்னா அந்த வீட்டுத் தண்ணி வேணும் கெல்வின்," என்றார் பண்டிட். "கடைத் தண்ணிக்கா நான் பூஜை பண்ண வந்தேன்?"

"பம்ப்ல சின்னக் கோளாறு பண்டிட்ஜி. டேங்க் எல்லாம் நெறஞ்சு வழியுது!"

முன்வரிசை தலையாட்டியது. மிஸ் அலெய்னும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் டல்சியால் பொறுக்க முடியவில்லை. தன் வீட்டு ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தவள், இங்கே ஒரு குழாயைத் திறந்து பார்க்கவில்லையே!

கையில் இருந்த பெரிய கரண்டியோடு பக்கச் சந்துக்குள் போனாள். பத்து டேங்கும் வரிசையாக நின்றன. முதல் டேங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். தெருவுக்கே கேட்டது காலிச் சத்தம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாம் காலி. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கடைசி டேங்கைத் தோளால் முட்டித் திருப்பினாள். காலி டேங்க், லேசாகத் திரும்பியது. சுவரைப் பார்த்து மறைந்திருந்த வெள்ளை எழுத்து வெளியே வந்தது.

"படிங்க! எல்லாரும் நல்லாப் படிச்சவங்கதானே, படிங்க! மஹாபீர்னு எழுதியிருக்கு. இது என் புருஷன் டேங்க். உங்களை ஏமாத்தறதுக்கு இவன் இரவல் கேட்டான், நான் குடுத்தேன். ஆமா, தெரிஞ்சேதான் குடுத்தேன். குடுத்துட்டு என் வீட்டுல நான் ஃபெயில், இவன் இங்க பாஸ்!"

"அண்ணி, பூஜை நேரத்துல..."

"வாயை மூடு. இன்னொரு தரம் அண்ணின்னே, இந்தக் கரண்டி உன் மேலதான்."

அவள் சொன்னதும் தெருவுக்கே துணிச்சல் வந்துவிட்டது. எதிர்வீட்டு வின்ஸ்டன் எழுந்து, "அப்ப மூணாவது என்னோடது, நானும் எடுத்துக்கறேன்" என்றான். பேக்கரிக்காரன் தன்னுடையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அரை மணி நேரத்தில் ஆறு டேங்குகள் தெருவில் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. பண்டிட் லோட்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டல்சி சமைத்த பூசணிக்காயை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஆய்வில் ஏமாற்ற உடந்தையாக இருந்ததை மிஸஸ் மஹாபீர் பலர் முன்னிலையில் தானே ஒப்புக்கொண்டதால், அவர் வீடு இரண்டு வருடத்துக்குப் பட்டியலில் சேராது. 'ஸ்காலர்ஸ் கோர்ட்' குறைகளைச் சரிசெய்ய அவகாசம் தரப்படுகிறது, மாணவர் நலன் கருதி ஏற்கெனவே ஒதுக்கிய அறைகளில் மாற்றமில்லை. டல்சியின் மாடியில் இருந்த நால்வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே மாற வேண்டும். கீழே மிஸ் அலெய்னின் கையெழுத்து.

பொய் சொன்னவனுக்கு அவகாசம், உண்மையைச் சொன்னவளுக்குத் தண்டனை. டல்சி கடிதத்தைக் கிழித்தாள், பிறகு துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வைத்தாள், யாரிடமாவது காட்ட வேண்டுமே என்று. ஞாயிற்றுக்கிழமை ஷொனெல் பெட்டியோடு இறங்கி வந்து அழுதபோது, "அழாம போ. போய்ப் படி. அந்த ஆளுக்குக் குட் மார்னிங்கூடச் சொல்லாதே" என்று கத்தினாள். மாடி அன்று காலியாகிவிட்டது. கீழே இரண்டு டேங்குகளும் விளிம்பு வரை தண்ணீரோடு நின்றன.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கேட் தட்டும் சத்தம். ஷொனெல், தோளில் துண்டு, கையில் வாளி. அவள் பின்னால் மற்ற மூவர். அவர்களுக்கும் பின்னால் டல்சி அறியாத முகங்கள், எட்டோ பத்தோ.

"அங்க குழாயில நேத்திலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்ல ஆன்ட்டி. அந்த ஆளு டிரம் தண்ணிக்கு, பக்கெட்டுக்கு ஒண்ணுன்னு டோக்கன் குடுக்கறான். ஒன்பது மணிக்குப் பரீட்சை."

டல்சி அந்த வாளிகளைப் பார்த்தாள். "இவ்வளவு சின்ன வாளியை எடுத்துட்டு வந்தா எப்படி? மேல பாத்ரூமைத் திறந்து விடு. தலைக்கு ஊத்தறவங்க முதல்ல போங்க."

ஏழு மணிக்கு மிஸ் அலெய்னின் கார் வந்து நின்றது. யாரோ புகார் செய்திருக்க வேண்டும். இறங்கி வந்தவள் கேட்டருகில் நின்று, ஈரத்தலையோடு வெளியே போகும் பிள்ளைகளையும் வாளியோடு உள்ளே வரும் பிள்ளைகளையும் பார்த்தாள்.

"என்ன இது, மிஸஸ் மஹாபீர்?"

"உங்க பட்டியல் வீட்டுப் பிள்ளைங்க. பட்டியல்ல இல்லாத வீட்டுல குளிக்க வந்திருக்காங்க. எழுதிக்கங்க."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "ஸ்காலர்ஸ் கோர்ட் வேண்டாம்னுதான் நான் மேல எழுதிக் குடுத்தேன். முப்பது ரூமை விட முடியாதுன்னுட்டாங்க. முடிவு என்னோடது இல்ல" என்றாள்.

டல்சி இடுப்பில் சொருகியிருந்த கடிதத் துண்டுகளை எடுத்தாள். அடித்துண்டைத் தேடி எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"கையெழுத்து யாரோடது?"

மிஸ் அலெய்ன் அந்தத் துண்டைப் பார்த்தபடியே நின்றாள். டல்சி அடுத்த பெண்ணின் வாளியை வாங்கிக் குழாயடியில் வைத்தாள்.