இரண்டு விரல் லூஸ்

தையல்காரர் வீட்டுக் கார் ஷெட் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அகலத்தில் நூலளவும் உயரத்தில் நான்கு விரலும் சுருங்கியது. உள்ளே நின்ற காரில் அவர் மனைவி ஒன்பது ஆண்டுகளாக இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் முதல் விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். சுவர் சுருங்குவது புதிது. ஓரிடத்தில் முடங்கிப்போன பெண்கள் அந்தத் தெருவிலேயே இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

கார் வாங்குவதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பு அவர்களிடம் ஸ்கூட்டர் இருந்தது. நான்கு பேரும் அதில்தான் போவார்கள். மகன் முன்னால் நின்றுகொள்வான், மனைவி பின்னால், அவள் மடியில் மகள். முக்குத் திருப்பத்தில் ஈர மணல் கிடந்தது. எதிரே வந்த லாரி தொடக்கூட இல்லை, வண்டி தானாகச் சறுக்கியது. மூன்று பேர் எழுந்தார்கள். மகனுக்கு ஏழு வயது, வளர்கிற பிள்ளை என்று அவன் பேன்ட்டின் கால் மடிப்பில் நான்கு விரல் துணி விட்டுத் தைத்திருந்தார். தையல்காரர் ஸ்கூட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மனைவி அன்று முதல் சக்கரம் வைத்த எதிலும் ஏறவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்தியே கூட்டிப்போனாள், அதுவும் சுவரோரமாக, சாக்கடை மூடிகளைக் கூட மிதிக்காமல்.

ஒரு பாதுகாப்பான கார் வாங்கிவிட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று தையல்காரர் நம்பினார். வேறு எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினார். கடையில் பிளவுஸுக்கும் பேன்ட்டுக்கும் அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டபடியே போவார். வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே இருந்த ஷெட் ஆறடி அகலம், அதாவது எழுபத்திரண்டு இன்ச். சின்னக் கார்கள் அதில் தாராளமாக நின்றன, ஆனால் மோதிப் பார்த்த சோதனையில் அவை அப்பளமாக நொறுங்கின. நொறுங்காத கார்கள் எல்லாம் இடுப்புப் பெருத்தவை. ஆறு ஏர்பேக்கும் ஐந்து நட்சத்திரமும் உள்ள ஒன்றைக் கடைசியாகக் கண்டுபிடித்தார். கஸ்டமரைக் கையைத் தூக்கச் சொல்லி மார்பளவு எடுப்பது போலவே, கண்ணாடிகளை மடக்கச் சொல்லிவிட்டு டேப்பைப் பிடித்தார். அறுபத்தொன்பது இன்ச். இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல். முப்பது வருடமாக அவர் எல்லோருக்கும் விட்டுத் தைத்த லூஸ் அதுதான், ஒருவரும் பிடிக்கிறது என்று திரும்பி வந்ததில்லை. மனசு நிறைந்துவிட்டது அவருக்கு. சட்டைக்குக் கதவு கிடையாது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

டெலிவரி எடுக்கிற அன்று மனைவி நடந்தே ஷோரூமுக்கு வந்தாள். விற்பனைக்காரப் பையன் அரை மணி நேரம் விளக்கியதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

"உள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணுமே ஆகாது மேடம்," என்றான் பையன், டையைச் சரிசெய்துகொண்டே.

அவள் அந்த "வரைக்கும்" என்ற சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தையல்காரர் காரை ஷெட்டுக்குள் விட்டார், உறைக்குள் கத்தி போல அது உள்ளே போயிற்று. சந்தோஷமாகக் கதவைத் திறந்தார். இரண்டு விரல் திறந்து டொக்கென்று சுவரில் இடித்தது. மறுபக்கமும் டொக். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பின்னால் மேல்நோக்கித் திறக்கிற டிக்கிக் கதவு வழியாக மகள் இறங்கினாள், சீட்டுகளின் மேல் ஊர்ந்து அவரும் இறங்கினார்.

"வாம்மா, மெதுவா இப்படி வந்துடு," என்றார் மனைவியிடம்.

"இருங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்," என்றாள் அவள்.

அந்தக் கொஞ்ச நேரம் முடியவில்லை. முதல் வாரம் கெஞ்சினார், இரண்டாம் வாரம் சண்டை போட்டார். காரை வெளியே எடுக்கலாம் என்று சாவியைத் தொட்டால், தெருவில் லாரி போகிற சத்தம் கேட்டு அவள் வீறிட்டாள், பிறகு சாவியைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டாள். முதல் மழை பெய்தது. நனைத்துக் காயவைக்காத புதுத்துணி போல ஷெட் சுருங்கிற்று. துணி என்றால் நீளத்தில்தான் அதிகம் சுருங்கும், இது உயரத்தில் சுருங்குகிறதே என்று தையல்காரர் குழம்பினார். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, "கல்லு எண்ணிக்கை சரியாத்தாங்க இருக்கு. ஒவ்வொண்ணும் இளைச்சுப் போச்சு," என்றார். சுவரை இடித்துவிடலாம் என்று சுத்தியலை ஓங்கி ஒரே ஒரு அடி வைத்தார். ஆறு ஏர்பேக்கும் ஒன்றாக உப்பிக்கொண்டன. மூன்று நாள் அவள் முகமே தெரியவில்லை. அதற்குப் பிறகு கொத்தனார் அந்தத் தெரு வழியாக வருவதையே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் ஆண்டு பெல்ட் பூட்டு, தோடு போடாமல் விட்ட காதுத் துளை போலத் தூர்ந்துபோனது. கோட்டுத் துணியை வெட்டுகிற பெரிய கத்தரியைச் சாணை பிடித்து எடுத்துக்கொண்டு தையல்காரர் உள்ளே ஊர்ந்தார். பெல்ட்டில் கத்தரியை வைத்தும் ஆயிற்று. அவள் தடுக்கவில்லை. "அவனுக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா," என்று மட்டும் சொன்னாள். அந்த ஸ்கூட்டரை ஓட்டியவர் அவர். கத்தரியை மடக்கிக்கொண்டு வந்த வழியே வெளியேறினார், கடைக்குப் போய் மிஷினில் தலைவைத்து அழுதார். அன்று அவரிடம் கொடுத்திருந்த துணி ஒன்றும் தைத்தாகவில்லை.

வருடங்கள் போயின. அவளுக்குச் சாப்பாடு குறைந்துகொண்டே வந்து நாலாம் ஆண்டு நின்றது, அதைப் பற்றி அவள் குறைபட்டுக்கொள்ளவில்லை. மகள் பள்ளிவிட்டு வந்து டிக்கி வழியாகத் தலையை நீட்டிப் பாடம் ஒப்பித்தாள், கூரை இறங்க இறங்க டிக்கித் திறப்பு வெறும் இடைவெளியாக இடுங்கியது, அவள் பெரியவளாக ஆக ஆகத் தோள் இடித்தது, பிறகு முகம் மட்டும் நீட்டினாள். ரேஷன் அட்டையைச் சரிபார்க்க வந்தவர், காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, முகவரி ஒன்றுதானே என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் ஆண்டு மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற காலையில் பையைத் தரையில் வைத்துவிட்டு இடைவெளியின் முன் குனிந்தாள்.

"நீயாவது உள்ள வந்துடேன். பின் சீட்டு காலியாத்தானே இருக்கு," என்றாள் அம்மா.

மகள் இடைவெளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற தையல்காரருக்குத் தன் மனசு தெரிந்தது. போய்விடு, உள்ளே போய்விடு என்றுதான் அது மகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. "போம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அவள் பையைத் தூக்கிக் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய காரியம் அதுதான். அவள் போன பஸ் முக்குத் திருப்பத்தில் திரும்புகிற வரை தெருவிலேயே நின்றார்.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஒவ்வொரு ஹாரனுக்கும் மிஷின் பெடலிலிருந்து கால் தூக்கிப்போட்டது, இரண்டு சட்டைக்குக் கழுத்தைத் தப்பாக வெட்டினார். நான்காம் நாள் வானம் கறுத்தது. இடைவெளியை டேப் வைத்து அளந்தார், பதினேழு இன்ச். அவர் தோள் பதினேழரை. அரை இன்ச் இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை என்று அவர் ஒப்புக்கொண்டது அன்று ஒருநாள்தான். சட்டைப் பித்தான் இரண்டு தெறித்து விழ உள்ளே புகுந்து, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "கால நல்லா நீட்டி உக்காருங்க," என்றாள். மழை பிடித்துக்கொண்டது, இடைவெளி மூடிற்று.

கார் பேட்டரி ஏனோ தீரவில்லை, அதனால் போனில் சார்ஜும் தீரவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசினாள். இருட்டு பழகியதா என்று கேட்பாள், பழகியது என்பார்கள். மனைவி தூக்கத்தில் இப்போது பல்லைக் கடிப்பதில்லை. தையல்காரருக்கும் கால் தூக்கிப்போடுவது நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு அவள் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசும்போது, நடுவே அவளோடு அறையில் தங்கியிருக்கும் பெண்ணின் குரல் கேட்டது.

"யாரு, வீட்டுலயா? எங்க இருக்காங்க?"

"கார்ல இருக்காங்க."

"ஓ, எங்க போறாங்க?"

"எங்கயும் போகல. சும்மா உக்காந்திருக்காங்க."

"அப்ப உன்னை யாருடி பாத்துப்பா?" என்றாள் அந்தப் பெண், விளையாட்டாகத்தான். காருக்குள் இருவரும் போனில் காதை வைத்தார்கள். ரோட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. தையல்காரரின் கை பெல்ட் பூட்டைத் தேடிப் போயிற்று. அங்கே துளை இல்லை.

"பஸ் வந்துடுச்சுப்பா, வைக்கிறேன்," என்றாள் மகள்.