கிணற்றில் முப்பது சுற்று

"ஏனுங்க மாமா, என்னைக் கட்டிக்கறயான்னு நீங்க எப்பவாச்சும் என்னைக் கேட்டிருக்கறீங்களா?"

"அதை எதுக்குப் புள்ள கேக்கோணும்? நீ என்ற முறைப்பொண்ணு."

"அதனால?"

"அதனால... எங்கூட்டுச் சட்டையைப் போட்டுக்கறதுக்கு நான் யாரைக் கேக்கறேன்?"

"நான் சட்டை இல்லீங்க. நல்லாக் கேட்டுக்கங்க. வாயைத் திறந்து கேக்காம கட்டற தாலிக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன்."

"கேட்டா சரிங்குவயா?"

"கேட்டாத்தான சொல்லுவேன்!"

தை மாதத்தில் தன் மாமனின் மோட்டார் ரூம் வாசலில் மாமன் மகள் சௌந்திரத்தோடு நடந்த இந்தப் பேச்சு, சித்திரை வெயிலில், அதே மாமனின் கிணற்று மேட்டில், மார்பில் ஏழாம் நம்பர் அட்டையுடன் நிற்கும்போது குமாரசாமிக்கு வரி தப்பாமல் நினைவு வந்தது. இடையில் மூன்று மாதம் ஓடிவிட்டது. அவன் கேட்கவில்லை.

கேட்கக் கூடாது என்றில்லை. ஐந்து தடவை முயன்றிருக்கிறான். குமாரசாமி ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்பவன். ரிக் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. ராடை இறக்கச் சொல்ல ஒரு கை, ஏற்றச் சொல்ல ஒரு கை, கம்ப்ரஸரை நிறுத்தக் கழுத்தை அறுப்பதுபோல ஒரு கை. எட்டு வருஷமாகக் கையாலேயே பேசிப் பழகியவனுக்கு முக்கியமான சமயங்களில் வாய் வருவதில்லை. ஐந்தாம் தடவை சௌந்திரத்தின் முன்னால் நின்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டியபோது அவள், "மாமா, ஈ ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் டீச்சர். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள். இரு வீட்டுப் பெரியவர்களும் வைகாசியில் கல்யாணம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் நிபந்தனை குமாரசாமிக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்குள் மருதாசலம் வந்து சேர்ந்தார்.

கோபியிலிருந்து மாற்றலாகி அவர்கள் ஊரான வெண்ணந்தூருக்கு வந்த டிரில் மாஸ்டர் அவர். உயரமான ஆள், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற குணம். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற பந்தயம் ஒன்றை இளைஞர் மன்றத்தின் பேரில் ஏற்பாடு செய்தார். நோட்டீஸ் அடித்த கையோடு குமாரசாமியைத் தேடி வந்தார்.

"தப்பா நினைக்கக் கூடாதுங்க. சௌந்திரம் டீச்சரை நான் ஒரு வார்த்தை கேக்கலாம்னு இருக்கறேன். நீங்க முறைக்காரர். உங்ககிட்டச் சொல்லாமக் கேக்கறது மரியாதை இல்லைங்க."

"அது வந்துங்க..."

"அவங்களுக்கு நிச்சயம் ஆயிருச்சான்னு விசாரிச்சேனுங்க. 'என்னை இன்னும் யாரும் கேக்கலை'ன்னு அவங்களே சொன்னாங்க. பந்தயத்தன்னிக்கு ஏரி மதகுகிட்ட உக்காந்து அவங்கதான் நேரம் குறிக்கறாங்க. ஓடி முடிச்சதும் அங்கயே கேட்டறலாம்னு. உங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்களே?"

வீடு தேடி வந்த மனுஷன் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல எப்படி மறுப்பது? குமாரசாமியின் வாய், வராத வாய், அன்றைக்குப் பார்த்து வந்தது.

"அதுக்கென்னங்க, கேளுங்க. ஒரு வாய் மோர் குடிச்சுட்டுப் போங்க."

மருதாசலம் தெருமுனை தாண்டிய பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. மறுநாள் காலையில் மன்றத்துக்குப் போய்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தான். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் மதகுக்கு முதலில் போய்ச் சேரலாம் அல்லவா?

நோட்டீஸில் நீச்சல் ஊர் ஏரியில் என்று போட்டிருந்தது. அந்த வருஷம் ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆகவே நீச்சலைச் சின்னுசாமி மாமனின் கிணற்றுக்கும், ஓட்டத்தைக் காய்ந்த ஏரிக்குள்ளும் மாற்றினார்கள். காலை ஏழு மணிக்கு என்றிருந்த பந்தயம், கொடியசைக்க வேண்டிய பிரமுகர் வந்து சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. பாறையில் கால் வைத்தால் சுட்டது.

எழுபதடிக் கிணறு. அடியில் இரண்டாள் மட்டத்துக்குத் தண்ணீர். ஒன்பது பேர் படியிறங்கினார்கள். ஒருவன் தண்ணிப்பாம்பைப் பார்த்துவிட்டு இறங்கிய வேகத்தில் ஏறிவிட, மிச்சம் எட்டு. முப்பது சுற்று நீந்த வேண்டும் என்று விதி. எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று விதியில் இல்லை.

விசில் ஊதியதும் குமாரசாமியும் ஊர்க்காரர்களும் கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகக் கிளம்பினார்கள். மருதாசலம் பத்திரிகைப் படத்தில் கண்டபடி இடமாகக் கிளம்பினார். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் இரண்டு முறை நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். முட்டிய ஒவ்வொரு முறையும் மருதாசலம் தலையைத் தூக்கி, "மன்னிக்கோணுங்க" என்றார். பதிலுக்கு, "பரவாயில்லீங்க" என்று சொன்னதில் குமாரசாமி ஒரு குடம் தண்ணீராவது குடித்திருப்பான்.

"கோயில் சுத்தறாப்பல சுத்துங்க வாத்தியாரே!" என்று மேலிருந்து சின்னுசாமி மாமன் கத்தினார். "அபசகுனமாச் சுத்தாதீங்க!"

பால்காரச் சடையன் முதலில் கரையேறினான். அவனுக்கு அடுத்து மருதாசலம். தலை கிறுகிறுத்து மூன்றாவதாக ஏறிய குமாரசாமி, தன் சைக்கிள் என்று நினைத்து மாமனின் சைக்கிளில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான்.

ராசிபுரம் போய்த் திரும்ப வேண்டும். தார் இளகி டயரில் ஒட்டியது. எதிர்காற்று அடுப்பைத் திறந்தாற்போல வீசியது. இதையெல்லாம் தாங்கலாம். பாதிவழியில் அவனுடைய பெரியம்மா ஆத்தாயியின் வீடு இருந்தது. ஒட்டுறவு வீட்டைத் தாண்டி நிற்காமல் போவதென்பது அவன் வம்சத்தில் நடந்ததில்லை. பெரியம்மா ரோட்டு ஓரத்திலேயே நின்றாள்.

"ஏஞ்சாமி! வேர்த்து ஊத்துதே, வந்து ஒரு வாய்..."

"வரும்போது வாரேனுங்க பெரீம்மா!" என்று கத்திவிட்டு மிதித்தான். ராசிபுரத்தில் கையில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வாக்குக் கொடுத்த இடத்தில் அவள் ரோட்டின் நடுவிலேயே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

வேப்பமரத்தடிக் கட்டிலில், மடியில் கும்பாவுடன், மருதாசலம் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க குமாரசாமி," என்றார் பரிதாபமாக. "தண்ணி மட்டுந்தானுங்க கேட்டேன்."

"தண்ணி கேட்டவங்களுக்குத் தண்ணியைக் குடுத்து அனுப்பறதுக்கு இதென்ன ரயில்வே ஸ்டேஷனா?" என்றாள் ஆத்தாயி. "வாத்தியாருக்கு இது மூணாவது உருண்டை. கம்மங்களி, கீரைக் கடைசல். உக்காரு சாமி."

வேண்டாம் என்று சொல்லத் தெரியாத இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து களி தின்றார்கள். ரோட்டில் மேற்கொண்டு இரண்டு சைக்கிள்கள் போயின. அந்த இருவரும் ஆத்தாயிக்கு உறவில்லாத பாக்கியசாலிகள்.

"உன்ற கண்ணாலம் என்னாச்சு சாமி?" என்றாள் ஆத்தாயி. "பொண்ணு கேட்டாச்சா?"

குமாரசாமி கும்பாவுக்குள் பார்த்துக் களியைப் பிசைந்தான்.

அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "நம்மூட்டுப் புள்ளையை என்னத்தக் கேக்கறது? வாத்தியாருக்கு எப்படிங்க, ஆயிருச்சுங்களா?"

"இன்னிக்குத்தானுங்க கேக்கப் போறேன்," என்றார் மருதாசலம் வெட்கத்துடன். "என்ன சொல்றதுன்னு எழுதிக்கூடப் பாத்து வெச்சிருக்கறேன். 'உங்கள் சம்மதம் எதுவாயினும் அதை மதிப்பேன். என் வாழ்வில் துணையாக வர உங்களுக்கு விருப்பமா?'"

குமாரசாமி கையில் எடுத்த களியைக் கும்பாவிலேயே வைத்துவிட்டான். அவன் மூன்று மாதமாகத் தேடி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இந்த ஆளிடம் இரண்டு வாக்கியம் இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது.

"அடடா, எத்தனை மருவாதி!" என்று ஆத்தாயி உருகிப்போனாள். "இப்படிக் கேட்டா எந்தப் புள்ளைதானுங்க மாட்டேன்னு சொல்லும்? இருங்க." உள்ளே போய்ச் சாமி படத்தடியிலிருந்து திருநீறு எடுத்து வந்து மருதாசலத்தின் நெற்றி நிறையப் பூசினாள். "போன காரியம் செயமாகோணும், சாமி."

"பெரீம்மா!" என்றான் குமாரசாமி.

"உனக்கெதுக்கு? நீ என்ன கேக்கவா போறே?"

அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. கை கழுவாமல், வருகிறேன் என்று சொல்லாமல், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு உறவு வீட்டிலிருந்து சொல்லாமல் எழுந்து ஓடினான். "அட, இன்னும் மோர் ஊத்தலையே!" என்ற குரல் வெகு தூரம் துரத்தி வந்தது.

ஏரி முகப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினான். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. எதிர்க்கரைப் பனைமரத்தைத் தொட்டுவிட்டு மதகுக்கு வர வேண்டும். அவன் களி தின்றபோது முந்திப் போன இருவரில் ஒருவன் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் ஒரு வேலமர நிழலில் பந்தயத்தையே மறந்து படுத்திருந்தான். வயிற்றில் களி கல்லாக ஆட, பனையைத் தொட்டுத் திரும்பினால் பின்னால் கேன்வாஸ் ஷூ சத்தம். வயிறு நிறைந்திருந்தாலும் மருதாசலம் பழக்கப்பட்ட ஓட்டக்காரர். நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் வழிய, நூறடி தூரத்தில் வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் குமாரசாமியின் குதிகாலில் வேலமுள் ஏறியது. குனிந்து பிடுங்க நேரமில்லை. அந்தக் குதிகால் தரையில் படாமல் கெந்திக் கெந்தி ஓடினான். கரையில் நின்ற கூட்டம் சிரித்தது. "ஏய், குமாரசாமிக்குச் சாமி வந்துருச்சு டோய்!" என்று ஒருவன் கத்தினான்.

மதகடியில் குடையின் கீழ், மேசை மேல் கடிகாரமும் நோட்டும் வைத்துச் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். பந்தயத்தை எப்போதோ ஜெயித்துவிட்ட சடையன், பரிசுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "நேரமாச்சுங்க அம்மிணி, மத்தியானப் பால் கறக்கோணும்" என்று கிளம்பிக்கொண்டிருந்தான்.

குமாரசாமி வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் செம்மண், மீசையில் கீரை.

"ரெண்டாவது, ஏழாம் நம்பர்," என்று அவள் எழுதினாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "ஐயோ மாமா, காலுல ரத்தம்!" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். மூச்சுத்தான் வந்தது. வேறு வழியில்லாமல் வலது கையைத் தூக்கினான். அவளைக் காட்டினான், தன்னைக் காட்டினான், காற்றில் ஒரு முடிச்சுப் போட்டான்.

அவள் கண்ணில் ஏதோ மின்னியது. ஆனால் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"கையைக் காட்டுனா எனக்குப் புரியாதுங்க. இது ரிக் இல்லை. வாயில சொல்லுங்க."

பின்னால் ஷூ சத்தம் வந்து நின்றது. இரைத்துக்கொண்டே மருதாசலம், "உங்கள் சம்மதம்..." என்று தொடங்கி, ஏப்பம் குறுக்கிட, "மன்னிக்கோணுங்க" என்று நிறுத்தினார். கூட்டம் கிட்டே நெருங்கியது. சின்னுசாமி மாமன் என்னவோ ஏதோவென்று துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார். இனி ஒரு ஏப்பத்துக்கும் அடுத்த ஏப்பத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்குமோ அவ்வளவுதான் அவனுக்கு இருந்தது.

குமாரசாமி கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். முள் ஏறிய காலை ஊன்றி நேராக நின்றான்.

"சௌந்திரம்," என்றான், ரிக் சத்தத்தையும் மீறுகிற குரலில். ஏரி எதிர்க்கரை வரைக்கும் கேட்டது. "என்னைக் கட்டிக்கறீங்களா?"

சௌந்திரம் பென்சிலைக் கீழே வைத்தாள்.